ஹார்டு பிளாக்: வைஃபை சுவிட்சை லினக்ஸ் டிரைவர் எப்படிப் படிக்கிறது, எங்கே சிக்குகிறது

லினக்ஸ் போட்ட மடிக்கணினியில் திடீரென்று வைஃபை காணாமல் போனால், ‘ஓஎஸ்ஸை மாத்திப் போட்டுடலாம்’ என்பதுதான் பெரும்பாலும் முதலில் கிடைக்கும் யோசனை. மாற்றிப் போட்டாலும் வைஃபை வராது. கணினியின் முன் விளிம்பிலோ பக்கவாட்டிலோ ஒரு சின்னத் தள்ளு சுவிட்ச் இருக்கும். பையில் திணிக்கும்போது அது நகர்ந்திருக்கும், அல்லது உள்ளே துருப்பிடித்திருக்கும். புதுச்சேரி, கடலூர் பக்கம் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய இயந்திரங்களில், அதாவது 2011-இல் தொடங்கிய திட்டத்தில் வந்த விலையில்லா மடிக்கணினிகளிலும், கம்பெனிகள் கழித்துவிட்டுச் செகண்ட் ஹேண்டாக வரும் திங்க்பேட், லேட்டிட்யூட், எலைட்புக் வகைகளிலும் இந்தப் புகார் அடிக்கடி வரும்.

இந்தக் கட்டுரையின் முன்பாதி, இயந்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு காரணம் தேடுபவர்களுக்கு. பின்பாதி, வயர்லெஸ் டிரைவர் எழுதவோ திருத்தவோ கற்றுக்கொள்பவர்களுக்கு. இருவரும் ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் போதும்: சுவிட்ச் சொல்வதை டிரைவரால் மாற்ற முடியாது, படித்துச் சொல்ல மட்டுமே முடியும். ஆகவே கோளாறு எதுவாக இருந்தாலும், எந்த டிரைவர் படித்தது, எந்தக் கம்பியைப் படித்தது, எப்போது படித்தது என்ற மூன்று கேள்விகளுக்குள் வந்து நின்றுவிடும்.

கட்டளைகளையும் ஃபங்ஷன் பெயர்களையும் இங்கே உச்சரிப்பில்தான் தந்திருக்கிறோம். டெர்மினலில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள். அடிக்கோடு காட்டிய இடத்தில் அடிக்கோடு போடுங்கள்.

சுவிட்ச் எங்கே போய் முடிகிறது

சுவிட்சின் மறுமுனை மூன்று இடங்களில் ஒன்றில் போய்ச் சேரும்.

முதல் வகையில் கம்பி நேராக வைஃபை கார்டுக்கே போகிறது. பழைய மினி பிசிஐஇ கார்டில் 52 பின்கள் உண்டு. அதில் 20-ஆம் பின்னின் பெயர் ‘டபிள்யூ டிசேபிள்’. புதிய எம்.2 கார்டில், ‘ஈ’ வகைச் சாக்கெட்டாக இருந்தால், வைஃபைக்கு 56-ஆம் பின், புளூடூத்துக்கு 54-ஆம் பின். இந்தக் கம்பி தலைகீழாக வேலை செய்யும்: மின்னழுத்தம் மேலே இருந்தால் ரேடியோ ஓடலாம், கீழே இறங்கினால் நிற்க வேண்டும். மினி பிசிஐஇ-யில் மேலே என்றால் 3.3 வோல்ட், கீழே என்றால் கிட்டத்தட்ட பூஜ்யம்.

இரண்டாவது வகையில் சுவிட்சோ எஃப்என் பட்டனோ மதர்போர்டில் உள்ள எம்பெடட் கன்ட்ரோலர் என்ற சிறு சிப்புக்குப் போகிறது. அது ஏசிபிஐ வழியாக, அதாவது ஃபர்ம்வேரும் (சிப்பில் பதித்த மென்பொருள்) ஓஎஸ்ஸும் பேசிக்கொள்ளும் முறையில், செய்தி சொல்லும். அதைக் கேட்டுக்கொள்வது வைஃபை டிரைவர் அல்ல, அந்தந்த மாடலுக்கான பிளாட்ஃபார்ம் டிரைவர்: திங்க்பேட்_ஏசிபிஐ, ஐடியாபேட்_லேப்டாப், ஹெச்பி_டபிள்யூஎம்ஐ, ஏசர்_டபிள்யூஎம்ஐ, டெல்_லேப்டாப் போன்றவை. சில மாடல்களில் கன்ட்ரோலர் செய்தியும் சொல்லும், கார்டின் பின்னையும் கீழே இழுக்கும்.

மூன்றாவது வகை புளூடூத்தில் பார்க்கலாம். அது பெரும்பாலும் உள்ளே யூஎஸ்பியாகத்தான் இணைந்திருக்கும். சுவிட்சை அணைத்தால் சில மாடல்களில் அந்த யூஎஸ்பி சாதனத்துக்கே மின்சாரம் போய்விடும். அப்போது ‘பிளாக்’ என்ற செய்தியே வராது, ‘எல்எஸ்யூஎஸ்பி’ பட்டியலில் இருந்தே சாதனம் மறைந்துவிடும். டிரைவர் போய்விட்டதாக நினைத்து அதை மறுபடி நிறுவ உட்காராதீர்கள்.

சாஃப்ட், ஹார்டு: இரண்டு தடைகள்

லினக்ஸ் கெர்னலில் இதற்கென்றே ‘ஆர்எஃப்கில்’ என்ற துணை அமைப்பு இருக்கிறது. 2007-இல், 2.6.22 பதிப்பில் வந்தது. 2009-இல், 2.6.31-க்காக, முழுவதும் மாற்றி எழுதப்பட்டது. இன்று நாம் பயன்படுத்தும் ‘/டெவ்/ஆர்எஃப்கில்’ அந்த மாற்றத்தோடு வந்ததுதான்.

ஒவ்வொரு ரேடியோவுக்கும் இரண்டு தனித்தனித் தடைகளை அது வைத்துக்கொள்கிறது. சாஃப்ட் பிளாக் என்பது அறையில் இருக்கும் ஃபேன் சுவிட்ச் மாதிரி, மென்பொருளால் போடவும் எடுக்கவும் முடியும். ஹார்டு பிளாக் என்பது வாசலில் இருக்கும் மெயின். அது இறங்கியிருந்தால் ரூட் அனுமதியோடு எத்தனை முறை ‘அன்பிளாக்’ சொன்னாலும் ஒன்றும் நடக்காது. இரண்டில் ஒன்று விழுந்தாலும் ரேடியோ நிற்கும், இரண்டும் எடுபட்டால்தான் ஓடும்.

பார்க்க வேண்டிய வரிசை

1. முதல் கட்டளை:

ஆர்எஃப்கில் லிஸ்ட்

பெரும்பாலான டிஸ்ட்ரோக்களில் இது முன்பே இருக்கும். 2017-இல் இருந்து, அதாவது 2.31 பதிப்பு முதல், யூட்டில்-லினக்ஸ் தொகுப்பிலேயே சேர்ந்துவிட்டது. வருகிற ஒவ்வொரு பதிவிலும் மூன்றைப் பாருங்கள்: பெயர், சாஃப்ட் பிளாக்டு, ஹார்டு பிளாக்டு. அவசரத்தில் பெயரைத் தாண்டி ‘யெஸ்’, ‘நோ’வை மட்டும் பார்ப்பவர்கள்தான் அதிகம். துப்பு பெயரில்தான் இருக்கிறது. ‘ஃபை0’ என்று இருந்தால் பேசுவது வைஃபை டிரைவர், கார்டின் பின்னைப் படித்துச் சொல்கிறது. ‘ஐடியாபேட்_டபிள்யூலேன்’, ‘ஹெச்பி-வைஃபை’, ‘டிபிஏசிபிஐ_புளூடூத்_எஸ்டபிள்யூ’ என்று இருந்தால் பேசுவது பிளாட்ஃபார்ம் டிரைவர். ஒரே வைஃபைக்கு இப்படி இரண்டு பதிவு இருப்பது சாதாரணம்.

2. சாஃப்ட் மட்டும் ‘யெஸ்’ என்றால் வேலை எளிது:

சூடோ ஆர்எஃப்கில் அன்பிளாக் வைஃபை

எடுத்த தடை அடுத்த பூட்டில் மறுபடி விழுந்தால் குழம்ப வேண்டாம். சாஃப்ட் நிலை மாறும்போதெல்லாம் அதை சிஸ்டம்டி-ஆர்எஃப்கில் சேவை ‘/வார்/லிப்/சிஸ்டம்டி/ஆர்எஃப்கில்’ அடைவில் எழுதிவைத்து, பூட் ஆகும்போது திரும்பப் போடும். தடையை நீக்கிவிட்டு முறையாக ஷட் டவுன் செய்தால் புதிய நிலை பதிவாகிவிடும். நீக்கிய கையோடு பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தால் புதிய நிலை பதிவாகாமல் பழையதே திரும்ப வரலாம்.

3. ஹார்டு ‘யெஸ்’ என்றால் இன்னொரு டெர்மினலில் இதை ஓட விடுங்கள்:

ஆர்எஃப்கில் ஈவென்ட்

அதை ஓட விட்டபடியே சுவிட்சை ஒரு பக்கம் தள்ளி, பத்து விநாடி பொறுத்து மறுபக்கம் தள்ளுங்கள். பத்து விநாடி ஏன் என்பதற்குக் காரணம் கீழே வருகிறது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு வரி வர வேண்டும். அதில் ‘டைப் 1’ வைஃபை, ‘டைப் 2’ புளூடூத். ‘ஆப் 2’ என்றால் நிலை மாறியிருக்கிறது. கடைசியில் ‘சாஃப்ட்’, ‘ஹார்டு’ ஒவ்வொன்றுக்கும் 0 அல்லது 1.

வரி வந்து, ஹார்டு 1-இல் இருந்து 0-க்கு மாறினால் சுவிட்ச், கம்பி, டிரைவர் மூன்றும் நலம். சுவிட்ச் தவறான பக்கம் இருந்தது, அவ்வளவுதான். வரியே வரவில்லை என்றால் சுவிட்ச் செத்திருக்கலாம், அல்லது அதைப் படிக்க வேண்டிய டிரைவர் ஏறாமல் இருக்கலாம். ஒரே தள்ளலுக்கு 0, 1, 0, 1 என்று வரிகள் கொட்டினால் உள்ளே தொடர்பு சரியில்லை. கடற்கரையை ஒட்டிய வீடுகளில் வருடக்கணக்காக இருந்த இயந்திரங்களில் இதை முதலில் சந்தேகியுங்கள். உப்புக் காற்றில் சுவிட்சின் செப்புத் தகடு பச்சை பூத்துவிடும். கணினியைத் தட்டினாலோ மூடியை அசைத்தாலோ வைஃபை போய்ப் போய் வரும்.

4. அடுத்து கெர்னல் பதிவு:

சூடோ டிமெசெக்

(இரண்டாவது சொல்லை ஆங்கிலத்தில் டி, எம், இ, எஸ், ஜி என்ற ஐந்து எழுத்தாகத் தட்ட வேண்டும்.)

இன்டெல் கார்டில், அதாவது ஐடபிள்யூஎல்வைஃபை டிரைவரில், ‘ஆர்எஃப்_கில் பிட் டாகிள்டு டு டிசேபிள் ரேடியோ’ என்று வரும். பழைய பிராட்காம் கார்டுக்கான பி43 டிரைவரில் ‘ரேடியோ ஹார்ட்வேர் ஸ்டேட்டஸ் சேஞ்ஜ்டு டு டிசேபிள்டு’. இந்த வரிகள் இருந்தால் கார்டின் பின்னுக்கே செய்தி வந்துவிட்டது என்று பொருள். பிளாட்ஃபார்ம் டிரைவரை இனிச் சந்தேகிக்க வேண்டாம்.

5. இரண்டு பதிவில் ஒன்று மட்டும் ஹார்டு பிளாக் என்று சொல்கிறதா? ‘ஃபை0’ சுத்தமாக இருந்து, பிளாட்ஃபார்ம் பதிவு மட்டும் ‘யெஸ்’ என்றால் இதைச் செய்து பாருங்கள்:

சூடோ ஐபி லிங்க் செட் டபிள்யூலேன்0 அப்

(உங்கள் இயந்திரத்தில் இன்டர்ஃபேஸ் பெயர் வேறாக இருக்கும். ‘ஐபி லிங்க்’ என்று மட்டும் தட்டினால் தெரியும்.) இன்டர்ஃபேஸ் எழுந்துவிட்டால் பிளாட்ஃபார்ம் டிரைவர் பொய் சொல்கிறது. இன்டர்ஃபேஸைத் திறக்கும்போது கெர்னல் பார்ப்பது அந்த வைஃபை கார்டின் சொந்தப் பதிவை மட்டும்தான், பக்கத்துப் பதிவை அது கேட்பதில்லை. இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க்மேனேஜரோ பிளாட்ஃபார்ம் பதிவையும் நம்பி வைஃபையை அணைத்தே வைத்திருக்கும். ‘ஆபரேஷன் நாட் பாசிபிள் டியூ டு ஆர்எஃப்-கில்’ என்று மறுத்தால் தடை கார்டின் பதிவிலேயே இருக்கிறது. அந்தப் பிழையின் எண் 132.

பிளாட்ஃபார்ம் டிரைவர் பொய் சொல்லும்போது

ஐடியாபேட் வரிசையில் இது பேர்போன தொல்லை. பல மாடல்களில் தள்ளு சுவிட்சே கிடையாது. ஆனாலும் பழைய கெர்னலில் இருந்த ஐடியாபேட்_லேப்டாப் டிரைவர் இல்லாத சுவிட்சைக் கேட்டு, ஃபர்ம்வேர் தந்த அர்த்தமில்லாத விடையை ‘ஹார்டு பிளாக்’ என்று எழுதிவிடும். டிரைவருக்குள் மாடல் பெயர்களின் பட்டியல் ஒன்றை வைத்து ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே வந்தார்கள். பட்டியலில் இல்லாத மாடல் வாங்கியவர் மாட்டிக்கொண்டார்.

முதலில் கெர்னலைப் புதுப்பித்துப் பாருங்கள். அது முடியாதபோதுதான் அடுத்தது: ‘/இடிசி/மோட்புரோப்.டி’ அடைவுக்குள் ‘.கான்ஃப்’ என்று முடியும் புதுக் கோப்பு ஒன்றைத் திறந்து, அதில் ஒரே ஒரு வரி எழுதுங்கள்:

பிளாக்லிஸ்ட் ஐடியாபேட்_லேப்டாப்

ரீபூட் செய்தால் அந்தப் பதிவு போய்விடும், வைஃபை வந்துவிடும். இதற்கு ஒரு விலை உண்டு. டச்பேடை அணைக்கும் பட்டன், பேட்டரியை முழுதும் ஏற்றாமல் காக்கும் வசதி போன்றவை அதே டிரைவரில்தான் இருக்கின்றன, அவையும் சேர்ந்து போகும். சில ஏசர் மாடல்களில் ஏசர்_டபிள்யூஎம்ஐ-க்கும் இதே வைத்தியம் செய்வார்கள்.

பழைய திங்க்பேடில் ஊகிக்கவே தேவையில்லை. ‘/சிஸ்/டிவைசஸ்/பிளாட்ஃபார்ம்/திங்க்பேட்_ஏசிபிஐ/ஹாட்கீ_ரேடியோ_எஸ்டபிள்யூ’ கோப்பை ‘கேட்’ செய்தால், சுவிட்ச் ஆனில் இருக்கும்போது 1, அணைத்திருந்தால் 0 வரும்.

சுவிட்சே இல்லாத, கம்பெனியில் இருந்து வந்த இன்டெல் வீப்ரோ இயந்திரத்தில் ஹார்டு பிளாக் வந்தால் இன்னொரு காரணமும் இருக்க முடியும். கார்டை இன்டெல்லின் மேலாண்மை ஃபர்ம்வேர் தன் கையில் வைத்திருக்கலாம். கெர்னல் 5.11-இல் இருந்து தடைக்கான காரணமும் பதிவாகிறது. ‘/சிஸ்/கிளாஸ்/ஆர்எஃப்கில்’ அடைவில் உங்கள் ரேடியோவுக்கு உரிய கோப்புறைக்குள் ‘ஹார்டு_பிளாக்_ரீசன்ஸ்’ என்ற கோப்பு இருக்கும். கடைசி இலக்கம் 1 என்றால் சுவிட்ச் சிக்னல், 2 என்றால் கார்டு இப்போது நம் வசம் இல்லை.

ஸ்க்ரூடிரைவர் எடுக்கும் முன்பும் பின்பும்

பயாஸில் வயர்லெஸ் லேன் அணைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து அடாப்டரையும் பேட்டரியையும் கழற்றிவிட்டு, பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். எம்பெடட் கன்ட்ரோலர் பழைய நிலையிலேயே சிக்கியிருந்தால் இதில் விடுபடும். பேட்டரி உள்ளேயே இருக்கும் மாடலில் மூடியைத் திறந்து அதன் கனெக்டரைக் கழற்ற வேண்டியிருக்கும்.

சுவிட்ச் துருப்பிடித்ததாகத் தெரிந்தால், மின்சாரம் எதுவும் இல்லாத நிலையில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலோ கான்டாக்ட் கிளீனரோ இரண்டு சொட்டு விட்டு, சுவிட்சை இருபது, முப்பது முறை இப்படியும் அப்படியும் தள்ளுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு பேட்டரியைப் போடுங்கள். தேங்காய் எண்ணெய், துணி மெஷின் எண்ணெய் எதுவும் வேண்டாம். இரண்டு நாள் ஓடும், அப்புறம் தூசி ஒட்டிக்கொண்டு மொத்தமாக நின்றுவிடும்.

சுவிட்சே உடைந்துபோய், மாற்றுப் பாகமும் கிடைக்காத மினி பிசிஐஇ இயந்திரத்துக்குக் கடைசி வழி 20-ஆம் பின்னை டேப்பால் மறைப்பது. மொபைல் ரிப்பேர் கடைகளில் இருக்கும் மஞ்சள் நிறக் கேப்டான் டேப்தான் வேண்டும். செல்லோ டேப் சூட்டில் உருகி சாக்கெட்டுக்குள் ஒட்டிக்கொள்ளும். கார்டைக் கழற்றிப் பின்பக்கம் திருப்புங்கள். இரட்டைப்படை எண்கள் எல்லாம் அந்தப் பக்கம்தான். விளிம்பில் ஒரு வெட்டு இருக்கும், அதன் ஒரு புறம் குட்டை, மறுபுறம் நீளம். வெட்டை அடுத்து நீளமான பக்கத்தில் முதலில் வருவது 18, அது கிரவுண்ட். இரண்டாவது 20, நமக்கு வேண்டியது. மூன்றாவது 22, கார்டுக்கு ரீசெட் சிக்னல் வரும் பின். ஒரு பின்னுக்கும் அடுத்ததற்கும் நடுவே 0.8 மில்லிமீட்டர்தான் இடைவெளி. டேப் கொஞ்சம் அகலமாகி 22-ஐயும் மூடிவிட்டால் ரீசெட் சிக்னல் கார்டுக்கு எட்டாது. கார்டு ‘எல்எஸ்பிசிஐ’ பட்டியலிலேயே வராமல் போகலாம், வந்தாலும் தாறுமாறாக நடக்கும். அப்படி ஆனால் கார்டு போய்விட்டதாக முடிவு கட்டாமல் டேப்பை மறுபடி ஒட்டுங்கள்.

மறைத்த பிறகு அந்தப் பின்னைக் கார்டிலுள்ள ரெசிஸ்டரே மேலே இழுத்து வைத்துக்கொள்ளும், அதனால்தான் ரேடியோ ஓடுகிறது. சாஃப்ட் பிளாக் வழக்கம்போல வேலை செய்யும். ஆனால் அந்த இயந்திரத்தில் ரேடியோவைக் கையால் அணைக்க இனி வழி இல்லை. விற்பதாக இருந்தால் வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள்.

டிரைவருக்குள் நடப்பது

இனி இரண்டாம் பாதி. ஒரே வேலையை மூன்று டிரைவர்கள் மூன்று விதமாகச் செய்கின்றன. அதைப் பார்த்தாலே எழுத வேண்டியது என்ன என்று பாதி புரிந்துவிடும்.

ஐடபிள்யூஎல்வைஃபை இன்டரப்டை, அதாவது கார்டு தானாக எழுப்பும் அழைப்பை, நம்புகிறது. சுவிட்ச் நகர்ந்ததும் கார்டே இன்டரப்ட் எழுப்பும். டிரைவர் ‘சிஎஸ்ஆர்_ஜிபி_கன்ட்ரோல்’ ரெஜிஸ்டரின் 27-ஆம் பிட்டைப் படிக்கும். அந்த பிட் 1 என்றால் ரேடியோவுக்கு அனுமதி, 0 என்றால் தடை. பெயரில் ‘கில்’ என்று இருப்பதால் 1 தான் தடை என்று எடுத்துக்கொள்ளத் தோன்றும். கவனிக்க வேண்டிய இன்னொன்று, தடை விழுந்து ஃபர்ம்வேரை நிறுத்தும்போது டிரைவர் மற்ற இன்டரப்டுகளை எல்லாம் மூடிவிட்டு, ஆர்எஃப்கில் இன்டரப்டை மட்டும் திறந்து வைக்கிறது. அதையும் சேர்த்து மூடினால், சுவிட்சை மறுபடி ஆன் செய்ததே டிரைவருக்குத் தெரியாது.

ஏத்தரோஸ் கார்டுகளுக்கான ஏத்9கே-யில் சுவிட்சுக்கு இன்டரப்ட் இல்லை, போய்ப் போய்ப் பார்க்க வேண்டும். எந்த ஜிபிஐஓ பின், அது மேலே இருந்தால் தடையா கீழே இருந்தால் தடையா என்ற இரண்டையும் கார்டிலுள்ள ஈப்ராம் என்ற சிறு நினைவகத்தில் இருந்து எடுத்துக்கொள்கிறது. பின்னைப் படிக்கும் முன் சிப்பைத் தூக்கத்தில் இருந்து எழுப்பி, படித்த பின் மறுபடி தூங்க விடுகிறது. தூங்கும் சிப்பின் ரெஜிஸ்டரைப் படித்தால் வரும் மதிப்பை நம்ப முடியாது.

பி43 அதற்கும் ஒரு படி மேலே போகிறது. இன்டர்ஃபேஸ் மூடியிருக்கும்போதும் சுவிட்சைப் பார்த்தாக வேண்டுமே. அதனால் சிப்புக்குத் தற்காலிகமாகப் பவர் கொடுத்து, பிட்டைப் படித்து, திரும்ப அணைத்துவிடுகிறது.

இப்படிப் போய்ப் பார்ப்பதைக் கெர்னலே 5 விநாடிக்கு ஒருமுறை நடத்துகிறது. மேலே பத்து விநாடி பொறுக்கச் சொன்னது இதனால்தான். ஏத்9கே இயந்திரத்தில் சுவிட்சைச் சட்டென்று இரண்டு முறை தள்ளினால் நடுவில் நடந்தது டிரைவருக்குத் தெரியவே தெரியாது.

நீங்கள் எழுதும்போது

கெர்னலின் பொது வைஃபை அடுக்கான மேக்80211-ஐ வைத்து எழுதும் டிரைவரில் தனியாக ஆர்எஃப்கில் சாதனத்தை உருவாக்க வேண்டாம். அதற்கு மேல் அடுக்கான சிஎஃப்ஜி80211 ஒவ்வொரு கார்டுக்கும் அதை முன்பே உருவாக்கி வைத்திருக்கும். நிலையைச் சொல்ல ஒரே ஃபங்ஷன் போதும்:

வைஃபை_ஆர்எஃப்கில்_செட்_ஹெச்டபிள்யூ_ஸ்டேட்

(இதன் முதல் சொல்லை ஆங்கிலத்தில் டபிள்யூ, ஐ, பி, ஹெச், ஒய் என்ற ஐந்து எழுத்தாகத் தட்ட வேண்டும்.) கார்டையும் ‘தடை உண்டா’ என்ற உண்மை-பொய் மதிப்பையும் கொடுத்தால் மீதியைக் கெர்னல் பார்த்துக்கொள்ளும். தடை என்று சொன்னதும் அந்தக் கார்டின் எல்லா இன்டர்ஃபேஸையும் அதுவே மூடும், உங்கள் ‘ஸ்டாப்’ ஃபங்ஷனை அழைக்கும், யூசர்ஸ்பேஸுக்குச் செய்தி அனுப்பும்.

வேலையை இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் டேட்டாஷீட்டில் இருந்து சுவிட்ச் எந்த ரெஜிஸ்டரில், எந்த பிட்டில் தெரிகிறது, எந்த மதிப்பு தடை என்பதை உறுதி செய்யுங்கள். மல்டிமீட்டர் இருந்தால் பின்னில் வோல்டேஜ் பார்த்து ஒப்பிடுங்கள். இதில் தலைகீழாகிவிட்டால் சுவிட்ச் ஆனில் இருக்கும்போது ஹார்டு பிளாக், ஆஃபில் இருக்கும்போது வைஃபை என்று வரும். பயனர் அதற்கும் பழகிக்கொள்வார், புகார் வராது, அதனால் தப்பு வருடக்கணக்கில் கண்டுபிடிக்கப்படாமல் கிடக்கும்.

‘புரோப்’ நடக்கும்போதே, அதாவது டிரைவர் கார்டோடு முதலில் இணையும்போதே, நிலையை ஒருமுறை படித்துச் சொல்லிவிடுங்கள். பூட் ஆகும் முன்பே சுவிட்ச் ஆஃபில் இருந்தால் அதன்பின் எந்த மாற்றமும் வராது, இன்டரப்டும் வராது. முதல் நிலையைச் சொல்லாத டிரைவர் ‘தடை இல்லை’ என்று காட்டிக்கொண்டு, ஸ்கேனில் ஒரு நெட்வொர்க்கும் இல்லாமல் உட்கார்ந்திருக்கும். பயனர் ரவுட்டரைத் திட்டுவார்.

பிறகு இன்டரப்டா, போலிங்கா (போய்ப் போய்ப் பார்ப்பதா) என்பது. இன்டரப்ட் இருந்தால் அதிலிருந்தே மேலே சொன்ன ஃபங்ஷனை அழைக்கலாம், அது தூங்காது. இல்லையென்றால் ‘ஆர்எஃப்கில்_போல்’ கால்பேக்கை நிரப்பி, பதிவு செய்த பின் போலிங்கைத் தொடங்கி, டிரைவரை இறக்கும்போது பதிவை நீக்கும் முன்பே நிறுத்திவிடுங்கள். வரிசை மாறினால், விடுவித்த மெமரியைப் போலிங் தொட்டுக் கெர்னல் விழும். போலிங்குக்குள் ஒவ்வொரு முறையும் பதிவு வரி அச்சிடாதீர்கள். 5 விநாடிக்கு ஒன்று என்றால் மணிக்கு 720 வரிகள். நிலை மாறும்போது மட்டும் எழுதுங்கள்.

தடை விழும் தருணத்தில்தான் புது டிரைவர்கள் அதிகம் தடுக்கி விழுகின்றன. இன்டர்ஃபேஸை மூடும் வழியில் உங்கள் டிரைவர் ஃபர்ம்வேருக்குப் பல கட்டளைகள் அனுப்பும்: சாவியை நீக்கு, ஸ்டேஷனை நீக்கு, கியூவைக் காலி செய். ஃபர்ம்வேரோ அதற்குள் நின்றிருக்கலாம். ஐடபிள்யூஎல்வைஃபையில் ஒரு கட்டளைக்கு 2 விநாடி வரை காத்திருக்கும். அப்படிப் பத்துக் கட்டளை வரிசையில் நின்றால் 20 விநாடி நெட்வொர்க் அமைப்பே உறைந்துபோகும். அதனால் அந்த டிரைவர் தடை இருக்கும்போது கட்டளையை அனுப்பாமலேயே ‘ஈஆர்எஃப்கில்’ பிழையைத் திருப்புகிறது. தடையிலும் போயே ஆக வேண்டிய சிலவற்றுக்கு மட்டும் ‘சிஎம்டி_செண்ட்_இன்_ஆர்எஃப்கில்’ என்று கொடி கட்டியிருக்கிறது. இந்த ஏற்பாட்டை அப்படியே கைக்கொள்ளலாம். அதோடு, தடையால் வரும் இந்தப் பிழையை ஃபர்ம்வேர் கிராஷ் என்று எடுத்துக்கொண்டு ரீஸ்டார்ட் செய்யப் போகாதீர்கள். சுவிட்ச் ஆஃபில் இருக்கும்வரை அது முடியாத சுற்றாகிவிடும்.

தடை விலகியதும் நீங்கள் செய்ய வேண்டியது ‘தடை இல்லை’ என்று சொல்வது மட்டும்தான். இன்டர்ஃபேஸைத் திறந்துவிடும் ஆசை வரும், வேண்டாம். சிஎஃப்ஜி80211 கூட அன்பிளாக் வந்தால் ஒன்றும் செய்யாமல் திரும்பிவிடுகிறது. திறப்பது நெட்வொர்க்மேனேஜர் போன்றவற்றின் வேலை. உங்கள் ‘ஸ்டார்ட்’ ஃபங்ஷன் ஃபர்ம்வேரை முதலில் இருந்து ஏற்றத் தயாராக இருந்தால் சரி.

ஹார்டு நிலையைச் சாஃப்டாக மொழிபெயர்ப்பதும் கூடாது. ‘சுவிட்ச் அணைந்தது, அதனால் சாஃப்ட் பிளாக் போட்டேன்’ என்று எழுதினால், பயனர் ‘அன்பிளாக்’ சொன்னதும் தடை போனதாகத் திரையில் வரும், ரேடியோ ஓடாது. முதல் பாதியில் சொன்ன சோதனைகள் எல்லாம் அந்த டிரைவரிடம் பொய்த்துப்போகும்.

சஸ்பெண்டில் இருந்து எழும்போது பின்னை மறுபடி படியுங்கள். மூடி மூடியிருக்கும்போதுதான் பெரும்பாலும் சுவிட்ச் நகர்கிறது. அந்த இன்டரப்ட் யாரிடமும் சேராது.

எல்லாம் எழுதிய பின் சோதனை. கார்டு இல்லாமலே தொடங்கலாம்: ‘மோட்புரோப் மேக்80211_ஹெச்டபிள்யூசிம்’ என்றால் இரண்டு பொய் ரேடியோ உருவாகும். அதில் சாஃப்ட் பிளாக் போட்டு எடுத்து, ‘ஆர்எஃப்கில் ஈவென்ட்’டில் என்ன வருகிறது என்று கண்ணைப் பழக்கிக்கொள்ளுங்கள். உண்மையான கார்டில் ஆறு சோதனைகள் கட்டாயம்: சுவிட்ச் ஆஃபில் இருக்கும்போது பூட், ஆஃபில் இருக்கும்போது மாட்யூல் ஏற்றி இறக்குவது, பெரிய ஃபைல் டவுன்லோடு ஆகும்போது சுவிட்சை அணைப்பது, ஸ்கேன் நடுவே அணைப்பது, தூங்கும்போது நகர்த்தி எழுப்புவது, சாஃப்டும் ஹார்டும் சேர்ந்திருக்கும்போது ஒவ்வொன்றாக எடுப்பது. டவுன்லோடு நடுவே அணைக்கும் சோதனையை மட்டும் ஐம்பது முறையாவது ஓட்டுங்கள். ஃபர்ம்வேர் நிற்கும் கணமும் கட்டளை கிளம்பும் கணமும் ஒன்றாக மோதுவது எப்போதாவது ஒருமுறைதான் நடக்கும், நடக்கும்போது டிமெசெக்கில் நீண்ட ஸ்டாக் டிரேஸாக வந்து நிற்கும்.